பத்து வாளிகளும் ஒரு குதிரையும்

“அப்பா, இது ஏன் கறுப்பா இருக்கு? இதோட அம்மா வெள்ளையாத்தானே இருக்கு?”

“இவளும் வெள்ளையாயிடுவா, பாப்பா. கண்ணைச் சுத்திப் பாரு. நரைச்ச முடி நாலஞ்சு தெரியுதா? பிறக்கும்போதே அப்படி இருந்தா வளர வளர வெளுத்துடும்.”

“நாமளே வெச்சுக்கலாமா?”

“இது இலாகா குதிரைடா.”

“கேட்டா குடுக்க மாட்டாங்களா?”

அப்பா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். குதிரை இலாகாவே அங்கே சாய்ந்து நின்று ஒட்டுக்கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

“கேக்கலாம். சமயம் வரட்டும்.”

எனக்கு அப்போது ஐந்து வயது. பிறந்து இரண்டு மணி நேரமே ஆன அந்தப் பெட்டைக்குட்டி, நான்கு கால்களையும் நான்கு திசைக்கு அனுப்பிவிட்டு, எதை முதலில் திரும்ப அழைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் கரி. நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளை நட்சத்திரம். கரிக்குட்டி என்று நான்தான் பெயர் வைத்தேன்.

இலாகா வேறு மாதிரி பெயர் வைத்தது. எண் நாற்பத்தேழு. நிறம் கறுப்பு. பெட்டை. அடையாளம், நெற்றியில் நட்சத்திரம். எழுத்தர் தன் மேஜையில் உட்கார்ந்தபடியே, அப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். ‘உயரம்’ என்ற கட்டம் வந்தபோது, “குட்டி ஆடிக்கிட்டே இருக்குங்க, அளக்க முடியல” என்றார் அப்பா. “வளர்ந்ததும் எழுதிக்கலாம்” என்று எழுத்தர் பக்கத்தைப் புரட்டினார். அந்தக் கட்டம் அப்படியே காலியாக நின்றுவிட்டது.

அரசாங்கத் தபால் எல்லாம் குதிரை முதுகில் போய்க்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊர் இலாகாவில் குதிரைகள் அறுபது. அவற்றைக் கவனிக்க அப்பாவோடு சேர்த்து ஐந்து பேர். அவற்றைப் பற்றி எழுத எண்பத்திரண்டு பேர். லாயத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் ஒரு முற்றம்தான். காற்று லாயத்திலிருந்து அடித்தால் அலுவலகத்தில் எல்லா ஜன்னலையும் சாத்திவிடுவார்கள்.

வருடத்துக்கு ஒரு நாள் கோரிக்கை நாள். அன்று இலாகா ஊழியர் ஒவ்வொருவரும் கண்காணிப்பாளர் முன்னால் போய் நின்று, தன் வாயால், ஒரே ஒரு கோரிக்கை வைக்கலாம். வேறு யாரும் அவருக்காகப் பேசக் கூடாது. எழுதியும் கொடுக்கக் கூடாது.

கரிக்குட்டிக்கு ஒரு வயதானபோது அப்பா முதல்முறையாகக் கேட்கப் போனார். மூன்று நாள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனார். கண்காணிப்பாளர் நிமிர்ந்து “ம்?” என்றார். அந்த ஒற்றை எழுத்தில் அப்பாவின் மூன்று நாளும் போய்விட்டது. மூலையில் ஒரு ஓட்டை வாளி கண்ணில் பட்டிருக்கிறது. “ஒரு வாளி வேணுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த வருடமும் அதே “ம்?”. அதே வாளி.

இப்படியே பத்து வருடத்தில் பத்து வாளிகள் எங்கள் வீட்டில். ஒன்றில் துணி, ஒன்றில் வெங்காயம், இரண்டில் அம்மாவின் செடிகள். கூரை ஒழுகும் இடம் மூன்றுதான் என்பதால் மிச்ச வாளிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சும்மா உட்கார்ந்திருந்தன.

“என்னைக் கட்டிக்கிறியான்னு கேக்கவே உங்கப்பாவுக்கு மூணு வருஷம் ஆச்சு” என்பாள் அம்மா. “வருவாரு, ‘வெயில் ஜாஸ்தி’ம்பாரு, போயிடுவாரு. கடைசில நான்தான் கேட்டேன். இதையும் நானே கேட்டிருப்பேன், விட மாட்டேங்கறாங்களே!”

அப்பா சிரித்துக்கொண்டே குனிந்து சாப்பிடுவார். பத்து வருடமாக அதே கேலி, அதே சிரிப்பு.

இதற்கிடையில் கரிக்குட்டி அப்பா சொன்னபடியே வெளுத்தாள். நான்கு வயதில் சாம்பல். ஆறு வயதில் சாம்பலில் மாவு தூவியதுபோல. எட்டு வயதில் முழு வெள்ளை. நெற்றி நட்சத்திரம் அந்த வெள்ளையில் கரைந்து போனது. தபால் குதிரைகளில் அவள்தான் வேகம். தெருவே அவள் வெளுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தது. இலாகாவுக்கு மட்டும் தெரியாது. ஏனென்றால் எண்ணிக்கை நாளில் எழுத்தர் முற்றத்தின் அந்தப் பக்கத்திலிருந்து எண்களை வாசிப்பார். இந்தப் பக்கத்திலிருந்து “இருக்கு” என்று குரல் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் எண்ணிக்கை.

எனக்குப் பதினாறு வயதானபோது புதுக் கண்காணிப்பாளர் வந்தார். மெலிந்த மனிதர். வந்த வாரமே, குதிரைகளை நேரில் பார்க்கப்போவதாக அறிவித்தார். அலுவலகம் நடுங்கியது. அப்படி ஒரு காரியம் அங்கே நடந்ததே இல்லை.

மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு வந்தார். பின்னால் பதிவேட்டை இரண்டு கையாலும் ஏந்தி எழுத்தர். பன்னிரண்டாம் எண் குதிரை நிற்க வேண்டிய கொட்டடியில் விறகு அடுக்கியிருந்தது. அந்தக் குதிரை நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனது. பதிவேட்டில் அதற்கு வயது அறுபத்தெட்டு.

“வெளிய போயிருக்குங்க” என்றார் எழுத்தர்.

கண்காணிப்பாளர் தலையசைத்து டிக் போட்டார். இன்னும் நான்கு குதிரைகள் அப்படியே வெளியே போயிருந்தன. இல்லாத குதிரைகளால் இலாகாவுக்கு எந்தத் தொல்லையும் வரவில்லை.

நாற்பத்தேழில்தான் குதிரை இருந்தது.

“கறுப்புன்னு போட்டிருக்கு. எங்கே கறுப்பு?”

“இதுதாங்க ஐயா” என்றார் அப்பா.

“இது வெள்ளை.”

“ஆமாங்க. பிறக்கும்போது கறுப்பு. வளர வளர வெளுத்துட்டா. இவ அம்மாவும் அப்படித்தாங்க.”

எழுத்தர் பக்கம் புரட்டினார். “அம்மா குதிரை வெள்ளையாவே வாங்கினதுங்க. கறுப்பா இருந்ததுக்கு ஆதாரம் இல்ல.”

அப்பா ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தார். கரிக்குட்டியின் முகத்தில் ஊற்றினார். நனைந்த வெள்ளை முடிக்கு அடியில் தோல் கறுப்பாகத் தெரிந்தது. நெற்றி நடுவில் மட்டும் இளஞ்சிவப்பாக, கூர் கூராக ஒரு நட்சத்திரம். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு தெளிவாக இருந்தது.

“பாருங்க ஐயா, அதே நட்சத்திரம்!”

கண்காணிப்பாளர் குனிந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“காய்ஞ்சா என்ன நிறம்?”

“வெள்ளைங்க.”

“நனைஞ்ச குதிரையைப் பதிவு பண்ற வழக்கம் நம்மகிட்ட இல்ல. எழுதுங்க. கறுப்புக் குதிரை ஒண்ணு காணோம். வெள்ளைக் குதிரை ஒண்ணு அத்துமீறி உள்ள நுழைஞ்சிருக்கு.”

அன்று வீட்டில் அம்மா தலையில் கைவைத்தாள். “வெளிய போயிருக்குன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“எப்படிச் சொல்றது? எதிர்லயே நிக்கிறாளே!”

“சரி, கரியை அரைச்சுப் பூசிடலாம். நான் அரைச்சுத் தரேன்.”

“அவ எதுக்குப் பொய் சொல்லணும்?” என்றார் அப்பா. அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

காணாமல்போன குதிரையைத் தேட ஒரு தேடுதல் படை அமைக்கப்பட்டது. தேடப் போகிறவருக்கு நல்ல குதிரை வேண்டுமே! லாயத்திலேயே சிறந்த குதிரை எது என்று விசாரித்து, கரிக்குட்டியைக் கொடுத்தார்கள்.

“அவ வயித்துல குட்டி இருக்குங்க, எட்டு மாசம். ஓட்டாதீங்க” என்று அப்பா கும்பிட்டார். தேடுதல் தலைவர் நல்ல மனிதர். குதிரையை ஓட்டாமல் மெதுவாக நடக்கவிட்டே தேடினார். ஊர் எல்லைவரை போய், “கறுப்புக் குதிரையைப் பாத்தீங்களா?” என்று எதிரில் வந்தவர்களைக் கேட்டார். அவர்கள் அவர் உட்கார்ந்திருந்த குதிரையைக் காட்டினார்கள். அவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, “இது வெள்ளை” என்று அடுத்தவரைக் கேட்கப் போனார். தீனி நேரம் வந்ததும் கரிக்குட்டி அவரையும் சேர்த்து லாயத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஆறு நாளும் இதே கதை. ஏழாம் நாள் அறிக்கை கொடுத்தார்:

‘எத்திசையில் தேடினாலும் தடயம் நாற்பத்தேழாம் எண் கொட்டடியிலேயே வந்து முடிகிறது. ஆகவே லாயக்காரர் மீது பலத்த சந்தேகம் எழுகிறது.’

விசாரணை நடந்தது. குழுவில் ஏழு பேர். எதிர்வீட்டுச் சலவைக்காரி சாட்சி சொல்ல வந்தாள். அவளை நாங்கள் அத்தை என்றுதான் கூப்பிடுவோம்.

“நான் பாத்துக்கிட்டேதாங்க இருந்தேன். வருஷா வருஷம் வெளுத்துச்சு. வெளுக்கிறதைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

“எந்தத் தேதியில வெளுத்தது?” என்றார் கண்காணிப்பாளர்.

“தேதியா? அது கொஞ்சம் கொஞ்சமால்ல…”

“ஒரு நாள் கறுப்பு. இன்னொரு நாள் வெள்ளை. நடுவுல ஒரு தேதி இருந்தாகணும். தேதி இல்லாம எதுவும் நடக்க முடியாதும்மா.”

“ஐயா, உங்க தலைமுடி எந்தத் தேதியில நரைச்சது?”

குழு முழுதும் கண்காணிப்பாளரின் தலையைப் பார்த்தது. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். “நான் பதிவேட்டுல இல்ல” என்றார் பெருமையாக. அத்தையை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பிறகு வயிற்றுக் குட்டி விஷயம் வந்தது. எழுத்தர் ஒரு தாளை வாசித்தார். படைப்பிரிவின் கறுப்புக் குதிரையோடு இணைசேர நாற்பத்தேழாம் எண்ணுக்குச் சென்ற வருடம் அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது.

“அனுமதி வாங்கினது கறுப்பு” என்றார் கண்காணிப்பாளர். “கர்ப்பமா இருக்கிறது வெள்ளை. இது அப்பட்டமான ஆள்மாறாட்டம்.” குழுவில் இரண்டு பேர் அதிர்ச்சியில் உச்சுக்கொட்டினார்கள்.

கடைசியில் அவர் எழுந்து ஒரு சிறு உரை ஆற்றினார். அதை நான் ஜன்னலோரம் நின்று கேட்டேன்.

“குதிரைகள் வரும், போகும். பதிவேடு நிலையானது. குதிரை சாகலாம்; அது அதன் சொந்த விஷயம். ஆனால் பதிவேட்டிலிருந்து போவதற்கு இலாகாவின் சம்மதம் வேண்டும். குதிரையைப் பார்த்துப் பதிவேட்டைத் திருத்த ஆரம்பித்தால், நாளைக்கு எண்பத்திரண்டு பேரும் லாயத்தில் போய் நிற்க வேண்டிவரும். அப்புறம் இங்கே யார் வேலை பார்ப்பது?”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

தீர்ப்பு இதுதான். மூன்று மாதத்தில் வரும் கோரிக்கை நாளுக்குள் கறுப்புக் குதிரை கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அப்பாவுக்கு வேலை இல்லை, எங்களுக்கு வீடு இல்லை. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பதிவில் இல்லாத வெள்ளைக் குதிரை கல்குவாரிக்கு. கோரிக்கை நாளுக்கு மறுநாள் குவாரி ஆட்கள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள்.

குவாரியிலிருந்து ஒரு குதிரையும் திரும்பி வந்ததில்லை. கல் வண்டி இழுத்து இழுத்து முதுகு உடைந்த பிறகு எதற்குத் திரும்பி வருவது?  அப்பா தினமும் கரிக்குட்டியைத் தேய்க்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. தேய்ப்பதற்கு அவளிடம் அவ்வளவு உடம்பே இல்லை.

“சமயம் வந்துடுச்சு அப்பா” என்றேன்.

“பாக்கலாம் பாப்பா.”

கோரிக்கை நாளுக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் நான் தீனி கொண்டு போனபோது, கொட்டடியில் எட்டுக் கால்கள் இருந்தன. வைக்கோலில் ஒரு கரித்துண்டு எழுந்து நிற்கப் பார்த்து விழுந்து, மறுபடி எழுந்தது. நெற்றியில் வெள்ளை நட்சத்திரம். கரிக்குட்டி அதை நக்கி நக்கிக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா வந்து, அம்மா வந்து, அத்தை வந்து நாங்கள் நால்வரும் குட்டியையே பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் தாளோடு எழுத்தர் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். தாள் கையிலிருந்து நழுவியது.

“கறுப்பு!” என்றார். “பெட்டையா?”

“பெட்டைதாங்க.”

“நெத்தியில நட்சத்திரம்! ஐயோ, கிடைச்சிடுச்சு! நாற்பத்தேழு கிடைச்சிடுச்சு!”

“ஐயா, ஐயா, இது குட்டிங்க. இன்னிக்குக் காலையில பிறந்தது” என்று அப்பா பின்னாலேயே ஓடினார். அவர் குரலைவிட எழுத்தரின் கால் வேகமாக இருந்தது. அம்மா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். “என்னங்க, கொஞ்சம் சும்மா இருங்களேன்!”

அப்பாவால் இருக்க முடியவில்லை. கண்காணிப்பாளர் வந்ததும் அவரிடமும் சொன்னார். “இது பிறந்த குட்டிங்க ஐயா.”

“குட்டியா பெருசான்னு பதிவேட்டுல கேள்வி இல்ல.” அவர் பக்கத்தைக் காட்டினார். “உயரம், பாருங்க, எதுவும் போடல. அப்போ எந்த உயரமும் சரிதான்.”

“வயசு பதினொண்ணுன்னு இருக்குமேங்க?”

“மூணு மாசம் அலைஞ்சு திரிஞ்சிருக்கு. கஷ்டப்பட்டா யாருமே இளைச்சுத்தான் போவாங்க.”

அந்த நேரம் பார்த்து நாற்பத்தேழாம் எண் குதிரை தள்ளாடிப் போய், அத்துமீறி நுழைந்த வெள்ளைக் குதிரையின் மடியில் முட்டிப் பால் குடிக்க ஆரம்பித்தது.

கண்காணிப்பாளர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்து, முதல்முறையாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாவம். எத்தனை நாள் பட்டினியோ.”

ஊரெல்லாம் தண்டோரா போட்டார்கள். காணாமல்போன குதிரை கண்காணிப்பாளரின் இடைவிடாத முயற்சியால் கிடைத்துவிட்டது. அப்பாவின் வேலை போகவில்லை. வீடும் போகவில்லை. காலி செய்யச் சொன்ன தாளை அம்மா மடித்து, வெங்காய வாளிக்கு அடியில் விரித்தாள்.

ஆனால் குவாரி ஆட்கள் வரும் நாள் மாறவில்லை. “நாற்பத்தேழு வந்தாச்சு. ஒரு கொட்டடியில ரெண்டு குதிரைக்கு விதி இல்ல. வெள்ளையை அனுப்பித்தான் ஆகணும்” என்று எழுத்தர் சொல்லிவிட்டார்.

“அம்மா போயிட்டா அந்தக் குட்டி நாலு நாள் தாங்காதுங்க” என்றார் அப்பா.

“பதினோரு வயசுக் குதிரைக்கு அம்மா எதுக்கு?” என்றார் எழுத்தர். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார்.

கோரிக்கை நாள் காலையில் அம்மா அப்பாவுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். பொத்தானைப் போட்டுவிட்டாள். பத்து வருடமாகச் செய்யும் கேலியை அன்று செய்யவில்லை.

“பயமா இருக்கா?”

“ம்.”

“எனக்கும்தான் இருந்துச்சு, உங்களைக் கேட்டப்போ” என்றாள். “முழங்கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சு. நீங்க வெயிலைப் பத்திப் பேசிட்டு இருந்தீங்க, கவனிக்கல.”

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அது அவருக்கு இத்தனை வருடமாகத் தெரியாது போலிருக்கிறது.

முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கண்காணிப்பாளர் நெஞ்சில் புதுப் பதக்கம். கிடைத்த குதிரையைக் கூட்டத்துக்குக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. நாற்பத்தேழு தன் அம்மா இல்லாமல் ஓர் அடி வைக்க மறுத்ததால், வெள்ளைக் குதிரையும் கூடவே வந்தது. அதன் கயிறு அப்பா கையில். நான் குட்டியைப் பிடித்துக்கொண்டேன். வெயிலில் அதன் முகத்தை அப்போதுதான் அருகில் பார்த்தேன். கண்ணைச் சுற்றி நரைத்த முடி நாலைந்து.

நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் ஏழெட்டு வருடம் இருக்கிறது. அதற்குள் இலாகா ஒரு நல்ல தேடுதல் படையைத் தயார் செய்துகொள்ளட்டும்.

“இந்த இலாகாவில் எதுவும் தொலைவதில்லை” என்று கண்காணிப்பாளர் பேசிக்கொண்டிருந்தார். “தொலைந்தாலும், எப்படித் தொலைந்ததோ அப்படியே திரும்பக் கிடைக்கும்!”

உரை முடிந்து கோரிக்கைகள் தொடங்கின. எழுத்தர் நேரத்தை மிச்சம்பிடிக்க நினைத்து அப்பாவின் பெயருக்கு எதிரில் ‘வாளி’ என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். வாளியும் தயாராக இருந்தது. அப்பா முன்னால் போய் நின்றதும், அதை எடுத்து அவர் இடது கையில் மாட்டிவிட்டார்.

“அடுத்தவர்” என்றார் கண்காணிப்பாளர்.

அப்பா நகரவில்லை.

கண்காணிப்பாளர் நிமிர்ந்தார். “ம்?”

அதே ஒற்றை எழுத்து. ஆள்தான் வேறு. அப்பாவின் முழங்கால்கள் ஆடின. பந்தலின் ஓரத்தில் அம்மா தன் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி இறுக்கிக்கொண்டிருந்தாள். கரிக்குட்டி மூக்கை நீட்டி அப்பாவின் தோளில் ஊதினாள். தீனி நேரம் ஆகிவிட்டது என்று அவள் நினைத்திருக்கலாம்.

அப்பா குனிந்து வாளியைத் தரையில் வைத்தார். அது ‘ணங்’ என்று சத்தம் போட்டது. முற்றம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“வீட்டுல பத்து வாளி இருக்குங்க ஐயா” என்றார். குரல் முதலில் உடைந்து, பிறகு எங்கிருந்தோ நேராகி வந்தது. “எனக்கு வாளி வேணாம். ஒரு நாளும் நான் வாளி கேக்க வந்ததில்ல. அதோ நிக்கிறாளே, உங்க ஏட்டுல எங்கயும் இல்லாத அந்த வெள்ளைக் குதிரை, அவளை எனக்குக் குடுங்க.”